மதுரை வட்டார வாகன வழக்கில் வணிகப்பெயர்கள்: ஆகுபெயர் நிலையும் நம்பக மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் இருசக்கர வாகனங்களையும் சிறு சரக்கு வாகனங்களையும் பற்றிய பேச்சு அன்றாட வாழ்வின் பகுதியாக உள்ளது. எந்த வண்டி சிறந்தது, எந்த நிறுவனத்தை நம்பலாம் என்னும் கருத்துகள் தேநீர்க் கடையிலும் சந்தையிலும் பட்டறையிலும் ஓயாமல் பரிமாறப்படுகின்றன. இப்பேச்சில் வழங்கும் பெயர்களையும் மதிப்பீட்டுச் சொற்களையும் தமிழ் இலக்கண மரபின் ஆகுபெயர்க் கோட்பாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. வணிகப்பெயர்ப் பற்று எனச் சந்தையியலார் குறிப்பது, இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் பிழைப்பைக் காக்கும் இடர்க்கணிப்பே என்பதும், மக்களின் நம்பிக்கையை மிகுதியாகப் பெற்ற பெயர் தன் உரிமையாளரை விட்டு நீங்கி வகைப்பெயராகிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: ஆகுபெயர், வணிகப்பெயர், குட்டி யானை, டி.வி.எஸ். 50, மறுவிற்பனை, மதுரை வட்டார வழக்கு, அகராதியியல்.

முன்னுரை

மதுரையின் பேருந்து நிலையமும் பூச்சந்தையும் அமைந்துள்ள பகுதி மாட்டுத்தாவணி எனப்படுகிறது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிற்றையும், அவ்வாறு பிணைத்து விற்கும் சந்தையையும் குறிக்கும் சொல். மாடுகள் நின்ற இடத்தில் இன்று வண்டிகள் நிற்கின்றன, பெயர் மாறவில்லை. இவ்வட்டாரத்தின் வாகனப் பேச்சுக்கும் இதே இயல்பு உண்டு. இழுக்கும் விலங்கைப் பற்றிய சொற்கள் எந்திரத்தின் மேல் ஏறியுள்ளன. ‘ஓட்டுதல்’ மாட்டை ஓட்டுவதிலிருந்து மோட்டார் வண்டியை ஓட்டுவதற்கு வந்தது. ‘இழுவை’, ‘படுத்துவிட்டது’, ‘கைக்குப் பழகிய வண்டி’ ஆகிய தொடர்களும் அவ்வாறே. ‘வண்டி’ என்னும் சொல்லே கூண்டுவண்டி, கட்டைவண்டி என்பவற்றிலிருந்து விரிந்து மோட்டார் சைக்கிள் முதல் சரக்குந்து வரை அனைத்தையும் தழுவுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது; 1939-இல் அதன் பின்னிணைப்பு வந்தது. இங்கு ஆராயப்படும் வாகனங்களுள் பெரும்பாலானவை அதன் பின்னர்த் தோன்றியவை. இவற்றின் பெயர்களை ஆங்கிலக் கலப்பு என ஒதுக்கிவிடும் போக்கு கல்வியுலகில் உண்டு. எனினும் இப்பெயர்கள் உருவாகும் முறையை நோக்கினால், அது தமிழ் இலக்கணிகள் வகுத்துக் காட்டிய முறையாகவே அமைகிறது. ஒதுக்குவதால் இழக்கப்படுவது சொல் மட்டுமன்று. அதனுள் பொதிந்த தொழிலறிவும் சேர்ந்தே இழக்கப்படுகிறது.

1. ஆகுபெயர்க் கோட்பாடும் வாகனப் பெயர்களும்

தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் ஆகுபெயரைக் கூறுகிறது. நன்னூல் அதனைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் அறுவகைப் பெயரோடு, நால்வகை அளவை, சொல், தானி, கருவி, காரியம், கருத்தன் முதலாக விரிக்கிறது. உவமையும் இவற்றோடு சேர்ந்து வகுக்கப்படுகிறது. ஒன்றன் இயற்பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றற்குத் தொன்றுதொட்டு ஆகிவருவதே ஆகுபெயர். ‘தொன்றுதொட்டு’ என்னும் நிபந்தனையைச் சில பத்தாண்டு வழக்கிற்குப் பொருத்துவது தகுமா என்னும் வினா எழலாம். ஒரு தலைமுறை முழுதும் பெயர்க்காரணம் வினவாமல் ஆளும் பெயரை வழக்கில் நிலைபெற்ற பெயராகக் கொள்வதில் தடையில்லை.

1.1 நால்வகை அளவை

சரக்கு வாகனப் பேச்சில் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் ஆகிய நான்கு அளவைகளும் பெயராகின்றன. கனரகச் சரக்குந்துகள் ‘பத்து வீல்’, ‘பன்னிரண்டு வீல்’ எனச் சக்கரத்தின் எண்ணிக்கையால் சுட்டப்படுகின்றன, இது எண்ணலளவை. ‘முக்கால் டன் வண்டி’, ‘ஒரு டன் வண்டி’ என்பன எடுத்தலளவை. சரக்குத் தொட்டியின் நீளத்தால் ‘பதினாலடி’, ‘பத்தொன்பதடி’ என வழங்குவன நீட்டலளவை.

முகத்தலளவை நுட்பமானது. மோட்டார் சைக்கிள்களின் பெயரில் வரும் 50, 100, 350 ஆகிய எண்கள் எஞ்சின் உருளையின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் கூறுபவை. ஆகவே தோற்றத்தால் அவை முகத்தலளவையாகுபெயர்கள். பேசுவோர் பலர்க்கு அவை கொள்ளளவாகத் தோன்றுவதில்லை. வலிமையின் வரிசையெண்ணாகவே தோன்றுகின்றன. தோற்றத்தில் முகத்தலும் வழக்கில் எண்ணலுமாக ஒரே பெயர் இருநிலை எய்துவதை இங்குக் காணலாம்.

1.2 தானியும் இடமும்

சந்தையில் வண்டியின் வரவை எதிர்நோக்குவோர், ‘தக்காளி வந்துருச்சா?’ என்று வினவுவர். தக்காளி என்பது அதனை ஏற்றிய வண்டிக்கு ஆகிவந்தமையால் இது தானியாகுபெயர். மறுதலையாக, ‘வண்டியை இறக்கியாச்சா?’ என்னும்போது வண்டி என்பது அதிலுள்ள சரக்குக்கு ஆகிவருகிறது, இஃது இடவாகுபெயர். ஒரே சந்தையில், ஒரே பணியின் முன்னும் பின்னும், பெயர் சரக்கிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து சரக்குக்கும் மாறிமாறிச் செல்கிறது. வண்டி வரும்வரை சரக்கே கவலை. வந்தபின் வண்டியை விடுவிப்பதே கவலை. பெயர் மாற்றம் இக்கவலை மாற்றத்தைப் பின்பற்றுகிறது எனலாம்.

1.3 உவமை: குட்டி யானை

டாடா நிறுவனத்தின் ஏஸ் என்னும் சிறு சரக்கு வாகனம் 2005-ஆம் ஆண்டு அறிமுகமானது. இரண்டு உருளைகள் கொண்ட 702 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினும் ஏறத்தாழ முக்கால் டன் ஏற்புத்திறனும் கொண்ட அவ்வண்டி, மூன்றுசக்கரச் சரக்கு வண்டிக்கும் பெரிய சரக்குந்துக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தை நிரப்பியது. வடநாட்டில் ‘சோட்டா ஹாத்தி’ என்றும் தமிழகத்தில் ‘குட்டி யானை’ என்றும் அது வழங்குகிறது. உருவிற் சிறுமையும் சுமப்பதிற் பெருமையும் ஒருங்கே தோன்ற அமைந்த இது உவமையாகுபெயர். ‘குட்டி’ என்னும் அடை இளமையைக் குறிப்பதோடு உரிமைப் பரிவையும் குறிப்பதால், பெயரிலேயே மதிப்பீடு அடங்கிவிடுகிறது. யானைமலையைக் கண்முன் கொண்ட மதுரை மக்களுக்கு இவ்வுவமை தொலைவிலிருந்து வந்ததன்று.

இப்பெயர் ஏஸ் வண்டியோடு நின்றுவிடவில்லை. வேறு நிறுவனங்கள் செய்த அதே அளவுடைய வண்டிகளும் ‘குட்டி யானை’ ஆயின. ஒசூரில் உருவாகி 2011-இல் வெளிவந்த அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’, தோழன் எனப் பொருள்படும் தன் பெயரால் அறியப்பட்டபோதிலும், வாடகைக்கு வண்டி தேடுவோர் வாயில் அதுவும் சில வேளை குட்டி யானையே. ‘வீடு மாத்தணும், ஒரு குட்டி யானை சொல்லுங்க’ என்பவர் நிறுவனத்தைக் கருதுவதில்லை; அளவையும் வாடகையையுமே கருதுகிறார்.

2. கருத்தன் பெயர் வகைப்பெயராதல்: டி.வி.எஸ்.

செய்தவன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆவது கருத்தாவாகுபெயர். மதுரையில் இதற்குச் சிறந்த சான்று டி.வி.எஸ். என்னும் பெயர். இவை திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பெயரெழுத்துகள். அவர் 1911-இல் தொழில் தொடங்கி, 1912-இல் பேருந்துப் போக்குவரத்தில் இறங்கினார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த அந்நிறுவனத்தின் பேருந்துகள் நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்றவை. அவ்வண்டி கடப்பதைக் கொண்டு கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்னும் பேச்சு முதியோர் நினைவில் இன்றும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பேருந்துகள் நாட்டுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. பேருந்து அரசிடம் சென்றது. பெயரின் மேலிருந்த நம்பிக்கை ஊரிலேயே தங்கிற்று.

1980-இல் ஒசூர் ஆலையிலிருந்து இருவர் அமரத்தக்க 50 கன சென்டிமீட்டர் மொபெட் டி.வி.எஸ். 50 என்னும் பெயரில் வெளிவந்தது. ஒரு மனிதரின் பெயரெழுத்து நிறுவனத்துக்கு ஆயிற்று. நிறுவனப் பெயர் வண்டிக்கு ஆயிற்று. அவ்வண்டியின் பெயர் எந்த மொபெட்டையும் குறிக்கும் வகைப்பெயராயிற்று. கார் என்னும் நிறப்பெயர் மேகத்துக்கும், மேகத்தால் பருவத்துக்கும், பருவத்தால் அப்பருவத்தில் விளையும் நெல்லுக்கும் ஆகிவருவதை மும்மடியாகுபெயர் என்பர். டி.வி.எஸ். என்பதும் அவ்வாறு மும்முறை மடிந்து வந்த பெயரே.

இதே நிறுவனம் 1990களில் பெண்களை முன்னிறுத்தி விற்ற ‘ஸ்கூட்டி’ என்னும் பெயர், கியர் இல்லாத எல்லா ஸ்கூட்டர்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பின்வந்த வேறு நிறுவன வண்டியை ஓட்டுபவரும், ‘ஸ்கூட்டியை எடுத்துட்டு வர்றேன்’ என்கிறார். மண் தோண்டும் எந்திரம் முன்னர் ‘பொக்லைன்’ எனவும் பின்னர் ‘ஜேசிபி’ எனவும் பெயர்பெற்றது. முன்னது பிரான்சு நாட்டு நிறுவனத்தின் பெயர், பின்னது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயரின் பெயரெழுத்துகள். செருமானிய நிறுவனமொன்றின் பெயரான ‘டெம்போ’ சிறு சரக்கு வண்டிக்கு ஆயிற்று. எழுத்துகளைத் தந்த மனிதர்களை எவரும் நினைப்பதில்லை.

இப்பெயர்கள் தமிழ் ஒலியமைப்புக்கும் இசைந்துள்ளன. வல்லொற்றில் முடியும் சொற்கள் உகரம் பெற்றுப் ‘புல்லட்டு’, ‘ஜீப்பு’, ‘பைக்கு’ என்றாகி, ‘புல்லட்டுல’, ‘பைக்கை’ என வேற்றுமை ஏற்கின்றன. ‘பிக்கப்’ என்னும் சொல் தொட்டியுடைய சரக்கு வண்டியையும், வண்டி விரைந்து வேகமெடுக்கும் திறனையும் குறித்து, பலபொருள் ஒருசொல்லாக நிற்கிறது. ‘இந்த பிக்கப்புல பிக்கப் இல்ல’ என்னும் தொடர் மயக்கமின்றிப் புரிந்துகொள்ளப்படுகிறது.

3. மதிப்பீட்டுச் சொற்கள்

வண்டியைப் பற்றிய கருத்து பெரும்பாலும் மூன்று வினைகளைச் சுற்றி அமைகிறது: கொடுத்தல், இழுத்தல், கைவிடுதல். ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?’ என்பது முதல் வினா. இங்கு வண்டி கொடையாளி. எரிபொருள் மிகுதியாகச் செலவாகுமாயின் அது ‘குடிக்குது’ எனப் பழிக்கப்படுகிறது. ‘இழுவை’ என்பது சுமையுடன் மேட்டில் ஏறும் திறன். ‘கைவிடாது’ என்பதே உயர்ந்த புகழ்ச்சி.

மூன்றாம் சொல்லின் எடை தொழிலோடு சேர்த்துப் பார்க்கும்போதே விளங்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டவிழும் முன் பறிக்கப்பட்டு விடியலில் சந்தைக்கு வரவேண்டியது. பிந்திய மொட்டு விலையிழக்கும். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பகுதிகளிலிருந்து பூமூட்டையோ பால்கேனோ கீரைக்கட்டோ ஏற்றிவரும் வண்டி வழியில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. பரவைக் காய்கறிச் சந்தைக்கு வரும் பிக்கப்பின் நிலையும் இதுவே. ஆகவே ‘கைவிடாது’ என்பது ஒரு பொருளைப் பற்றிய ரசனைக் கூற்றன்று. நாள்வருமானத்தைப் பற்றிய உறுதிக் கூற்று.

வணிகப்பெயர்ப் பற்று என்பதற்கு நேரான சொல் இப்பேச்சில் இல்லை. அதனிடத்தில் ‘நம்பி எடுக்கலாம்’, ‘நமக்கு ராசி’, ‘கைக்குப் பழகிடுச்சு’ என்பன வழங்குகின்றன. முதலாவது பிறர் பட்டறிவைச் சார்ந்தது. இரண்டாவது குடும்பத்தின் சொந்த நினைவைச் சார்ந்தது; மாட்டுக்குச் சுழி பார்த்தோர் வழியில் வந்தவர் வண்டிக்கு ராசி பார்ப்பது வியப்பன்று. மூன்றாவது உடற்பழக்கத்தைச் சார்ந்தது. பற்று என ஒரே சொல்லால் கூறப்படுவதனுள் சான்று, நினைவு, பழக்கம் என மூன்று கூறுகள் இருப்பதை மக்கள் வழக்கு பிரித்தறிகிறது.

4. பற்றா, கணிப்பா?

ஜேக்கப் ஜேக்கபியும் ராபர்ட் செஸ்ட்நட்டும் 1978-இல் வெளியிட்ட நூல், ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வாங்குவதை மட்டும் கொண்டு பற்று என முடிவுசெய்ய இயலாது என வலியுறுத்தியது. வேறு வழியின்மையாலும் வாங்கலாம், வசதியாலும் வாங்கலாம். உரிம முறை நிலவிய காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்து பல ஆண்டுகள் காத்திருந்தோரின் ‘பற்று’ இவ்வேறுபாட்டுக்குச் சான்று.

மதுரைச் சமவெளியில் ஒரே நிறுவனத்தை மீண்டும் நாடச் செய்பவை மூன்று. முதலாவது, அருகிலுள்ள பட்டறைக்காரருக்கு அவ்வண்டி தெரிந்திருத்தல். மேலூரிலோ சோழவந்தானிலோ நின்றுபோன வண்டியை அங்கேயே பழுதுநீக்க இயலுமா என்பதே வினா. இரண்டாவது, உதிரிப்பாகம் சிறுநகரக் கடையிலும் கிடைத்தல். மூன்றாவது, மறுவிற்பனை விலை. தவணையில் வாங்கி, ‘டியூ’ முடிந்தபின் விற்று, அத்தொகையை முன்பணமாக்கி அடுத்த வண்டி எடுக்கும் குடும்பத்திற்கு வண்டி என்பது ஊர்தி மட்டுமன்று, சேமிப்பும் ஆகும். பலர் ஒரே பெயரை நம்புவதால் அதன் மறுவிற்பனை விலை உயர்கிறது. விலை உயர்வதால் மேலும் பலர் நம்புகின்றனர். இவ்வட்டத்தில் புதிய நிறுவனம் நுழைவது கடினம்.

பழைய வண்டிச் சந்தையில் சொல்லின் மதிப்பு இன்னும் கூடுகிறது. விற்பவர் அறிந்த குறையை வாங்குபவர் அறியார் என்பதால் நல்ல பொருளும் சந்தையைவிட்டு விலகக்கூடும் என ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை முன்வைத்து விளக்கினார். இக்குறையை ஈடுசெய்யும் வழிகளாக ‘ஒரே கை ஓடின வண்டி’, ‘தெரிஞ்ச வண்டி’, ‘நம்ம மெக்கானிக் பார்த்த வண்டி’ என்னும் தொடர்கள் செயற்படுகின்றன. 58, 59, 64 என்னும் மதுரைப் பதிவெண்களும் இவ்வகைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன; உள்ளூர் எண்ணுடைய வண்டியின் வரலாற்றை விசாரித்தறிய இயலும். வணிகப்பெயர், உரிமையாளர், பட்டறைக்காரர், பதிவெண் ஆகிய நான்கும் சேர்ந்தே நம்பகத்தை உண்டாக்குகின்றன. நிறுவனத்தின் பெயர் அவற்றுள் ஒன்றே.

5. மோட்டார் சைக்கிளும் சரக்கு வண்டியும்: ஒரு வேறுபாடு

சரக்கு வண்டியைப் பற்றிய கருத்தில் கணிப்பு மேலோங்க, மோட்டார் சைக்கிளைப் பற்றிய கருத்தில் அடையாளம் கலக்கிறது. 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரோடு தொடர்புடைய என்ஃபீல்டு நிறுவனத்தின் புல்லட், காவல்துறை, இராணுவம் ஆகியவற்றின் பயன்பாட்டால் அதிகாரத்தின் சாயலைப் பெற்றது. அதன் எடையும் ஓசையும் குறைகளாகவன்றித் தகுதிகளாகப் பேசப்படுகின்றன. 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்எக்ஸ் 100, உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகியும் தேடி வாங்கப்படுகிறது. இவை உண்மையான பற்று எனத்தக்கவை. ஏனெனில் செலவு கூடியும் தொடர்பவை. அமெரிக்க நாட்டில் ஃபோர்டு, செவர்லே பிக்கப்புகளை ஆதரிப்போர் தலைமுறையாக வழக்காடுவதும் இவ்வகையினது. ஆயின் அங்குப் பிக்கப் அடையாளப் பொருளாக உள்ளது. மதுரையில் அது தொழிற்கருவி. அங்குப் பிக்கப்புக்கு உள்ள இடம் இங்குப் புல்லட்டுக்கு உரியது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது எக்ஸ்எல் வகை மொபெட். அதன் மேல் எவரும் பெருமிதம் பேசுவதில்லை. புல்லுக்கட்டு, தண்ணீர்க்குடம், ஆட்டுக்குட்டி, துணிமூட்டை எனச் சரக்கு வண்டியின் பணியையும் குடும்ப ஊர்தியின் பணியையும் அது ஒருங்கே செய்கிறது. 2015-இல் நான்கு வீச்சு எஞ்சினுடன் எக்ஸ்எல் 100 வந்த பின்னரும், ‘டி.வி.எஸ். அம்பது’ என்றே அதனைச் சுட்டும் வழக்கு மறையவில்லை. எஞ்சின் அளவு இரட்டித்தும் பெயரிலுள்ள எண் மாறாமை, அவ்வெண் அளவைப்பொருளை முற்றும் இழந்தமைக்குச் சான்றாகும்.

6. பெயர் பெற்ற வெற்றி

நிறுவனங்கள் பிரிந்த பின்னரும் பழைய பெயர்கள் நீடிக்கின்றன. ஹீரோ, ஹோண்டா நிறுவனங்களின் பிரிவு 2010 இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஸ்பிளெண்டர் வண்டியை ‘ஹீரோ ஹோண்டா’ என்போர் இன்றும் உளர். டி.வி.எஸ்., சுசுகி கூட்டு 2001-இல் முடிந்தது. ‘சுசுகி’ என்னும் பெயர் அக்காலத்து வண்டிகளோடு ஒட்டிக்கொண்டே உள்ளது. சட்டப்படி பெயர் எவருடையதாயினும், வழக்கில் அது முதன்முதல் நம்பப்பட்ட வண்டிக்கு உரியதாகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. ஒரு பெயரின் மேல் நம்பிக்கை மிக மிக, அப்பெயர் மற்ற நிறுவனங்களின் வண்டிகளுக்கும் ஆகிவருகிறது. வகைப்பெயரானபின் அதனைச் சொல்லி வேறொன்றை வாங்க இயலும். ஆகவே பொதுமையாதல் என்பது வணிகத்தின் நோக்கில் இழப்பு. மொழியின் நோக்கில் ஈட்டம். எவர்க்கும் உரித்தாகாத பெயராகும்போதுதான் அது அகராதிக்கு உரிய சொல்லாகிறது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

மதுரை வட்டார வாகனப் பெயர்கள் அளவை, தானி, இடம், உவமை, கருத்தன் என நன்னூல் கூறும் ஆகுபெயர் வகைகளுள் அடங்குகின்றன. சொல் அயல்மொழியினதாயினும் பெயராக்க முறை தமிழ் மரபுக்கு இயைந்தது.

‘கைவிடாது’, ‘நம்பி எடுக்கலாம்’, ‘ஒரே கை ஓடின வண்டி’ முதலான தொடர்கள் பட்டறை, உதிரிப்பாகம், மறுவிற்பனை ஆகியவற்றைப் பற்றிய செறிவான அறிவைத் தாங்கியவை. சரக்கு வண்டியில் பற்று எனத் தோன்றுவது இடர்க்கணிப்பு. புல்லட் போன்றவற்றில் அது அடையாளம்.

அகராதித் தொகுப்பாளர் வகைப்பெயராகிவிட்ட வணிகப்பெயர்களை, முதற்பொருளும் விரிபொருளும் வழக்கிடமும் காட்டிப் பதிவுசெய்தல் வேண்டும். மின்னாற்றல் வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில் ‘குடிக்குது’, ‘லிட்டருக்கு எவ்வளவு’ என்னும் தொடர்கள் பொருள் மாறவோ மறையவோ கூடும். எரிபொருளே இல்லாத வண்டியைப் பற்றி இவ்வட்டார மக்கள் எவ்வினையை ஆள்வர் என்பது பட்டறைகளிலும் சந்தைகளிலும் இப்போதே செவிகொடுத்துக் குறித்துவைக்கத் தக்கது.